தண்ணி காஞ்சிருக்கு

விடுமுறை நாள்களில் நடுப்பகலில் எங்கள் போர்ட் பிளேர் ஜங்லிகாட் வீட்டுக் குழாயைத் திறந்தால் தண்ணீர் கையைச் சுடும். மொட்டைமாடியில் இருக்கும் கறுப்புத் தொட்டி காலையிலிருந்து வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும். உள்ளே இருக்கும் தண்ணீரும் கூடவே காயும். அரிசி களையக் கையை நீட்டிவிட்டு வெடுக்கென்று இழுத்துக்கொள்வேன். இந்தத் தீவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து பன்னிரண்டு வருடங்கள் ஆகின்றன, இன்னும் ஏமாறுகிறேன். நான் பிறந்து வளர்ந்த கோத்தகிரியில் குழாய்த் தண்ணீர் உச்சி வெயிலிலும் விரலைக் கடிக்கும். தொடுவதற்கு முன்பே பல்லைக் கடித்துக்கொள்ளப் பழகிய உடம்பு இது. இங்கே வந்து எல்லாவற்றையும் கற்றுக்கொண்டேன், மீன் ஆய, ஹிந்தியில் சண்டை போட, கப்பல் வராத வாரத்தில் வெங்காயம் இல்லாமல் சமைக்க. குழாயடியில் மட்டும் கோத்தகிரிக்காரியாகவே நிற்கிறேன்.

ஊரில் இருக்கும் உங்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். துபாயிலும் டொராண்டோவிலும் இருப்பவர்கள் புலம்பெயர்வைப் பற்றி எழுதினால் ஒரு நியாயம் உண்டு. பாஸ்போர்ட் கூட இல்லாமல் வந்தவளுக்கு என்ன வந்தது என்பீர்கள். போர்ட் பிளேருக்கு வந்து பாருங்கள். இங்கே எல்லோரும் அந்தப் பக்கத்தை ‘மெயின்லேண்ட்’ என்றுதான் சொல்கிறார்கள், ஏதோ வேறு தேசம் மாதிரி. என் கணவர் பாஸ்கர் இந்த மண்ணிலேயே பிறந்தவர். அவருடைய கொள்ளுத்தாத்தா காலத்திலேயே குடும்பம் இங்கே வந்துவிட்டது. ஹேடோ துறைமுகத்தில் சரக்கு இறக்கும் பிரிவில் வேலை. வீட்டில் பேசுவது தமிழ்தான், ஆனால் அவசரம் வந்தால் வாயில் முதலில் வருவது ஹிந்தி. கல்யாணமாகி வந்த முதல் வாரம், ஒரு மழைநாள் விடியற்காலையில் குளிப்பதற்காக அடுப்பில் தண்ணீர் வைத்தேன். பின்னாலிருந்து வந்தவர் என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார்.

“புகார் ஹை க்யா? காய்ச்சலா?”

“இல்லைங்க. குளிக்க.”

“குளிக்கவா? வெந்நீர்லயா?” என்று கேட்டுவிட்டு, வேலைக்குக் கிளம்பும்வரை என்னையே கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார். இந்தத் தெருவில் வெந்நீர் வைப்பது இரண்டு காரணங்களுக்காக மட்டும்தான். ஒன்று வீட்டில் யாராவது காய்ச்சலில் படுத்திருக்க வேண்டும், அல்லது பிள்ளை பெற்றவள் இருக்க வேண்டும். மற்றபடி வருடம் முழுக்கத் தொட்டியில் மொண்டு ஊற்றிக்கொள்வதுதான். நானும் அப்படியே பழகினேன்.

எங்கள் ஊரில் கதை வேறு. அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அடுப்படியை ஒட்டிய குளியலறையில் தாமிர பாய்லர் ஒன்று விறகில் எரிந்துகொண்டிருக்கும். அதன் பொறுப்பு முழுக்க அம்மாவுடையது. எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும், பஸ்ஸை விட்டு இறங்கிக் கைகளைத் தேய்த்துக்கொண்டு வாசலில் நிற்கும்போதே, அம்மா சொல்லும் முதல் வார்த்தை “வாங்க” இல்லை. “தண்ணி காஞ்சிருக்கு” என்பதுதான். காப்பியெல்லாம் அப்புறம். வந்தவர் குளித்துவிட்டு ஆவி பறக்க வெளியே வந்தால்தான் அம்மாவுக்கு அவர் வந்ததாகவே கணக்கு. வீட்டு ஆட்களுக்கு இந்த உபசாரம் கிடையாது. எனக்கும் தம்பி பிரபுவுக்கும் “இன்னும் குளிக்கலயா, எருமை” என்ற வசனம்தான் தினமும்.

கல்யாணமான புதிதில் பாஸ்கரைக் கோத்தகிரிக்கு அழைத்துப் போனேன். “மாப்ளே, தண்ணி காஞ்சிருக்குங்க” என்று அம்மா சொன்னதும் அவருக்கு முகம் வாடிவிட்டது. “விமலா, அத்தை என்னை நோயாளின்னு நினைக்கிறாங்களா?” என்று என் காதில் கேட்டார். மறுக்கத் தெரியாமல் உள்ளே போனவர், விளாவத் தெரியாமல் அப்படியே ஊற்றிக்கொண்டு வெந்த இறால் நிறத்தில் வெளியே வந்தார். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அம்மா என் பக்கம் திரும்பி, “உனக்கும் தண்ணி காஞ்சிருக்கு, கண்ணு” என்றாள்.

சொன்னவளுக்கு அதில் ஒன்றும் இல்லை. பிரியமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் குளியலறைக் கதவைச் சாத்தியதும் அழுகை வந்தது. இருபத்தெட்டு வருடம் எருமையாக இருந்த வீட்டில் ஒரே மாதத்தில் விருந்தாளியாகிவிட்டேன். கண் ஏன் சிவந்திருக்கிறது என்று அம்மா கேட்டதற்கு, பாய்லர் புகை என்றேன்.

போன வருடம் அப்பா இறந்தார். அம்மா அந்த வீட்டில் தனியாக இருந்தாள். முழங்கால் இரண்டும் மடக்க முடியாமல் வலி. பிரபு கோவையில் மூன்றாவது மாடியில் இருக்கிறான். அங்கே போய் இருந்து பார்த்தாள், ஒத்துவரவில்லை. விறகு தூக்க முடியாமல் அவள் தடுமாறுவதைப் பக்கத்து வீட்டார் தொலைபேசியில் சொன்னபோது எனக்குத் தூக்கம் போய்விட்டது. என்னிடம் வந்துவிடு என்று மாதக்கணக்கில் கெஞ்சினேன். கடைசியில், “ஒரு மாசம் வந்து பாக்கறேன். புடிச்சா இருக்கறேன், இல்லாட்டித் திரும்பி வந்துர்றேன்” என்றாள். திரும்பும் டிக்கெட்டையும் சேர்த்து எடுத்தால்தான் விமானம் ஏறுவேன் என்று பிரபுவிடம் அடம் பிடித்து எடுக்கவைத்தாள். வருவதற்கு முன் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: “அங்க குளிக்கறதுக்கு வெந்நி கெடைக்குமா, கண்ணு?”

கிடைக்கும் என்றேன். தொலைபேசியை வைத்த கையோடு பாஸ்கரிடம் போனேன். அம்மா இங்கேயே தங்குவதும் தங்காததும் இந்த வெந்நீரில்தான் இருக்கிறது என்று எனக்குள் எப்படியோ முடிவாகிவிட்டது.

“அடுப்புல ஒரு பானை வச்சுக் குடுத்தா போதாதா?” என்றார் அவர்.

“கொதிக்கிற பானையை அம்மா தூக்குவாளா? நான் ஆபீஸ் போயிட்டா யார் தூக்கறது?”

அதன்பிறகு எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. வாளிக்குள் போடும் ஹீட்டர் ராடு வாங்கலாம் என்றார். ஈரக் கையோடு அம்மா அதைத் தொட்டுவிட்டால் என்ன ஆகும் என்று அதைத் தள்ளிவிட்டேன். கேஸ் கீசர் நல்லது, கரண்ட் போனாலும் ஓடும் என்று அவருடைய நண்பர் சொன்னார். ஆனால் எங்கள் குளியலறையின் ஜன்னல் ஒரு தட்டு அகலம்தான். கேஸ் எரிகிற இடத்தில் காற்றோட்டம் இல்லாவிட்டால் ஆளையே மயக்கிச் சாய்த்துவிடும். சிலிண்டரும் கப்பலை நம்பித்தான் வருகிறது. மாடியில் சூரிய ஹீட்டர் வைத்துவிடலாம் என்று எனக்கு ஆசை. அதைக் கேட்டு அவர் சிரித்தார்.

“அரே, இங்க பாதி வருஷம் மழை. வெயில் அடிக்கிற நாள்ல உனக்கு வெந்நீர் எதுக்கு? மழை பெய்யிற நாள்ல அது எதுக்கு?”

வாய்க்கொழுப்பைப் பாருங்கள். ஆனால் சொன்னது சரி. மிஞ்சியது கரண்ட் கீசர். அதிலும் இரண்டு வகை. திறந்தவுடன் சுடவைத்துத் தருகிற சின்னது ஒன்று, பதினைந்து லிட்டரைச் சுடவைத்துத் தேக்கிவைக்கிற பெரியது ஒன்று. சின்னதற்குக் குழாயில் வேகம் வேண்டும்; எங்கள் தொட்டிக்கும் குளியலறைக்கும் உயர வித்தியாசம் அதிகம் கிடையாது, தண்ணீர் சோம்பேறித்தனமாகத்தான் இறங்கும். பெரியதை வாங்குவது என்று முடிவுசெய்தோம். கரண்ட் இருக்கும்போது சுடவைத்துக்கொண்டால், போனாலும் கொஞ்ச நேரம் சூடு நிற்கும்.

சந்தையில் இருக்கும் கடைக்காரர் தூத்துக்குடிப் பக்கத்து ஆள். நான் கேட்டதும் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். “அக்கா, இந்த ஊர்ல கீசர் வாங்குறது ஓட்டல்காரவுகதான். வீட்டுக்குன்னு கேட்டா, பிள்ள பெத்த வீடா இருக்கும்” என்றார். கையிருப்பில் இல்லை, அடுத்த கப்பலில் சென்னையிலிருந்து வரும். உள்தொட்டி துருப்பிடிக்காததாக வேண்டும், உப்புக்காற்று என்று நான் சொல்ல, “அதெல்லாம் எனக்குச் சொல்லணுமாக்கா?” என்று சலித்துக்கொண்டார். பெட்டி வந்து இறங்கிய அன்று பாஸ்கரே அதை ஹேடோவிலிருந்து ஸ்கூட்டரில் கால்களுக்கு நடுவே வைத்து, ஊர்வலம் மாதிரி மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தார். பெட்டியின் மேல் கீசர் படம் பெரிதாக இருந்தது. தெரு முழுக்கப் பார்த்தது.

பக்கத்து வீட்டில் இருப்பவர் மாஷிமா. வங்காளி. சித்தி என்று அர்த்தம், தெருவில் எல்லோருக்கும் அவர் மாஷிமாதான். அவர் வீட்டுப் பப்பாளி மரத்திலிருந்து எனக்கு வாரம் தவறாமல் ஒரு பழம் வரும். அந்த வாரம் பழம் வரவில்லை. பதிலாக வாழைப்பழச் சீப்பு வந்தது. அடுத்த நாள் மிளகாய் போடாத மீன் குழம்பு வந்தது. நான் தண்ணீர் வாளியைத் தூக்கியபோது ஓடிவந்து பிடுங்கினார். என்ன இந்தத் திடீர்ப் பாசம் என்று எனக்குப் புரியவில்லை.

“கித்னா மஹீனா, பேட்டி?” என்று கேட்டார். எத்தனை மாதம், மகளே என்று. அம்மா வரப்போவது அவருக்கும் தெரிந்துவிட்டது போல என்று நினைத்து, என் ஓட்டை ஹிந்தியில் பதில் சொன்னேன். இப்போதைக்கு ஒரு மாதம்தான் மாஷிமா, பிடித்திருந்தால் அப்புறமும் இருப்பாள்.

மாஷிமா திகைத்துப்போனார். “பிடித்திருந்தால் இருப்பாளா? யார்?”

“அம்மா. மேரா அம்மா ஆ ரஹா ஹை.” என் அம்மா வருகிறாள் என்று சொன்னேன்.

அப்போதுதான் இருவருக்கும் விளங்கியது. கீசர் வந்ததைப் பார்த்துவிட்டு அவர் எனக்குப் பிள்ளை வரப்போவதாக நினைத்திருக்கிறார். அதனால்தான் பப்பாளி நின்றது. எங்களுக்குக் குழந்தை இல்லை. அதற்காக அழுது முடித்து ரொம்ப நாளாகிறது. முடிந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். கையில் வாளியோடு நின்ற மாஷிமாவின் கண் கலங்கியதைப் பார்த்ததும் எனக்கும் பொங்கிவிட்டது. அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். “வீட்டுக்கு ஒரு ஆள் வருதா இல்லையா? வருதுதானே?” என்று ஹிந்தியில் திரும்பத் திரும்பச் சொன்னார். வருகிறது என்று தலையாட்டினேன்.

அம்மா வந்தாள். விமான நிலையத்திலிருந்து ஆட்டோவில் அழைத்துவந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் எனக்கு அவசரம். காலையிலிருந்து மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்த வார்த்தையைச் சொன்னேன்.

“அம்மா, தண்ணி காஞ்சிருக்கு.”

அம்மா ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்து, “செரி, கண்ணு” என்று துண்டை வாங்கிக்கொண்டு போனாள். குளித்துவிட்டு வந்து, “நல்லா சொகமா இருந்துச்சு” என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

தினமும் விடியற்காலையில் எழுந்து சுவிட்சைப் போடுவேன். சிவப்பு விளக்கு அணைந்ததும் அம்மாவை அழைப்பேன். அவளும் அழைத்தால்தான் போவாள். தானாக அந்தச் சுவிட்சைத் தொட்டதில்லை. குளித்துவிட்டுத் துண்டைப் பிழிந்து காயப்போட்டு, நாற்காலியின் நுனியில் உட்காருவாள். காப்பி குடித்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவைப்பாள். அடுப்படிக்குள் வருவதற்கு முன் வாசலில் நின்று, “ஏதாச்சும் நறுக்கித் தரட்டுமா?” என்று கேட்பாள். புடவையைப் பெட்டியிலிருந்து எடுத்து, துவைத்துக் காய்ந்ததும் மடித்துப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுவாள். அலமாரியில் நான் ஒழித்துக்கொடுத்த தட்டு காலியாகவே இருந்தது. குளத்தில் கல் விழாத மாதிரி நாள்கள் போயின. சாப்பாடு பிடிக்கவில்லையா, புழுக்கமா, கடல் பயமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தேன். எல்லாம் நல்லாத்தான் இருக்குது என்றாள். அந்த ‘நல்லாத்தான்’ என்னைக் கொன்றது.

பாஸ்கர்தான் ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார். “நீ அத்தைய ஓட்டல்ல வச்ச மாதிரி வச்சிருக்க. டயத்துக்குச் சாப்பாடு, டயத்துக்கு வெந்நீர். ஓட்டல்ல எவ்வளவு நாள் இருப்பாங்க, போலோ, சொல்லு?”

எனக்குச் சுருக்கென்றது. மறுநாள் சிவப்பு விளக்கு அணைந்து, வழக்கம்போல் வாயைத் திறந்தபோதுதான் என் வார்த்தை எனக்கே கேட்டது. கோத்தகிரிக் குளியலறையில் நான் எதற்காக அழுதேனோ, அதைத்தான் அம்மாவுக்குத் தினமும் செய்துகொண்டிருந்தேன். எங்கள் வீட்டு முறைப்படி அந்த இரண்டு சொற்களுக்கு அர்த்தம் ஒன்றுதான்: நீங்கள் வந்தவர், நாங்கள் இருப்பவர்கள். வாசல்படியிலேயே அதைச் சொல்லி அவளை விருந்தாளியாக உட்காரவைத்தது நான். சட்டென்று மாற்றி, “போய்க் குளிம்மா, நேரமாச்சு” என்று அதட்டினேன். “எதுக்கு நேரமாச்சு?” என்று அம்மா பயந்துபோய் எழுந்தாள். துண்டை எடுத்து அவள் கையில் திணித்தேன்.

டிக்கெட் நாள் அந்த வார முடிவில் இருந்தது. பெட்டி எப்போதோ தயார். அப்படியிருக்க ஒருநாள் விடியற்காலையிலேயே கரண்ட் போய்விட்டது. மத்தியானம் வரை வராது என்றார்கள். அடுப்பில் வைத்துத் தருகிறேன் என்றேன். “வேண்டாம், நீ ஆபீசுக்குக் கெளம்பு. ஒரு நாளைக்குக் குளிக்காட்டிப் பரவால்ல” என்றாள். நேரமும் இல்லை. அலுவலகத்தில் அன்று எழுதியதெல்லாம் தப்பு. இவ்வளவு யோசித்து, கப்பலில் வரவழைத்து வாங்கியும் கடைசியில் குளிக்காமல் உட்காரவைத்துவிட்டு வந்திருக்கிறேனே என்று மனம் அடித்துக்கொண்டது. மத்தியானம் நல்ல வெயில் அடித்தது. அலுவலகம் விடும் நேரத்துக்கு மழை கொட்டியது. ஆட்டோ கிடைக்காமல் பாதி நனைந்து வீடு வந்து சேர்ந்தேன்.

கதவு திறந்திருந்தது. அம்மா குளியலறை வாசலில் துண்டோடு நின்றாள். அவள் தலைமுடி ஈரமாக, நுனியில் முடிச்சுப் போட்டிருந்தது. உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

“உள்ள யாரும்மா?”

“பக்கத்து வீட்டம்மாதான். பழம் குடுக்க வந்துச்சு, மழையில தொப்பலா நனைஞ்சு. முட்டி என்னாட்டவே அதுக்கும் புடிச்சுக்கிச்சு. கரண்டு வந்துருந்துச்சா, இதைத் தட்டிவிட்டு, தண்ணி காஞ்சிருக்கு, போய்க் குளிங்கன்னேன். அதுக்கு நம்ம பேச்சு எங்க புரியுது? காச்சல் இல்ல, காச்சல் இல்லன்னு நெத்தியத் தொட்டுக் காட்டுது. கையப் புடிச்சு உள்ள தள்ளிட்டேன்.”

கீசரின் சிவப்பு விளக்கைப் பார்த்தேன். முதல்முறையாக அம்மா போட்ட சுவிட்ச். “நீ எதுல குளிச்ச?” என்று கேட்டேன்.

“கொழாயிலதான். பகல்ல கொழாயத் தொறந்தா கொதிக்கக் கொதிக்க வருதே, ஏன் சொல்லல? விறகில்ல, பொகையில்ல. அது போதும் எனக்கு. இந்த மிசினு வர்றவங்களுக்கு இருக்கட்டும்.”

அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. பிரபு. திரும்பி வருவதற்குச் சென்னையில் யார் வந்து அழைத்துக்கொள்வது என்று கேட்கிறான் போலிருக்கிறது. அம்மா ஒரு கையில் துண்டோடு அவனை அதட்டினாள்.

“இப்ப எப்படிடா கெளம்பறது? வீட்டுக்கு ஆளு வந்து குளிச்சுட்டு இருக்குது. வந்தவங்களுக்குக் காப்பி போட வேண்டாமா? டிக்கெட்டு கெடக்குது, வையி போன.”

வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். ஈரத்தோடு வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

“என்ன வேடிக்கை பாக்கற, எருமை? தலையத் தொடச்சுட்டு அரிசியக் களைஞ்சு போடு.”

களைந்தேன். மழை பெய்தும் குழாய்த் தண்ணீரில் பகலின் சூடு கொஞ்சம் மிச்சம் இருந்தது. கையை இழுத்துக்கொள்ளவில்லை. கண்ணீர் அரிசிக்குள் விழாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு களைந்தேன். மாஷிமா ஆவி பறக்க வெளியே வந்து, கூச்சத்தோடு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அம்மா வந்து அடுத்த மழைக்காலமும் தொடங்கிவிட்டது. புடவைகள் அலமாரிக்கு வந்துவிட்டன. மாஷிமாவோடு தமிழிலேயே பேசுகிறாள், அவர் ஹிந்தியிலேயே பதில் சொல்கிறார், இருவருக்கும் எல்லாம் புரிகிறது. தெருவில் முட்டி வலிக்காரர்கள் எல்லோரும் எங்கள் கீசரில் ஒருமுறையாவது குளித்திருக்கிறார்கள். பாஸ்கர் மழையில் நனைந்து வந்தால் அவருக்கும் அழைப்பு உண்டு. மாப்பிள்ளை எத்தனை வருடம் ஆனாலும் வந்தவர்தானாம். அவரும் முனகாமல் போகிறார், விளாவிக்கொள்ளவும் கற்றுக்கொண்டார்.

கோத்தகிரி வீட்டுச் சாவி கீசர் சுவிட்சுக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. உப்புக்காற்றில் துரு ஏறாமல் இருக்க, அம்மா அவ்வப்போது அதைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்து மாட்டுகிறாள். விற்றுவிடலாமா என்று பிரபு கேட்கிறான். அம்மா பேச்சை மாற்றுகிறாள், நானும் மாற்றுகிறேன். அடுத்த முறை ஊருக்குப் போனால் அந்தச் சாவியை நான்தான் திருகித் திறக்க வேண்டும், பாய்லரை நான்தான் மூட்ட வேண்டும். தண்ணி காஞ்சிருக்கு என்று எனக்குச் சொல்ல இப்போது அங்கே யாரும் இல்லை. சொல்கிறவள் இங்கே இருக்கிறாள். வாசலுக்கு வருகிற எல்லோருக்கும் சொல்கிறாள், எனக்கு மட்டும் சொல்வதில்லை.